லாம்பை முகத்துக்குக் கீழே வைக்காதே

மகனே,

நேற்று நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன், நீ திரும்ப எடுப்பாய் என்று. நீ எடுக்கவில்லை. கோபமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா போன பிறகு எனக்கு எதுவும் சரியாகப் பிடிபடுவதில்லை. போனில் நீ ஒரு சொல் சொல்ல, அதை நான் பிடிப்பதற்குள் நீ அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து ஏறி இறங்கித்தான் இருக்கும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து அனுப்புவேன். வரிசை மாறி வந்தால் பார்த்து அடுக்கிப் படி.

இந்தக் கிழமைக்குள் அந்தக் கடைக்குப் படம் கொடுக்கவேண்டும் என்றாய். அப்பாவின் முகத்தைப் போடுவதா விடுவதா என்று நான் ஒரு சொல் சொன்னால்தான் கொடுப்பாயாம். நான் சொல்லாவிட்டால் நீயும் உன் கூட்டாளியும் வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் இத்தனை காலம் பாடுபட்டுச் செய்த விளையாட்டு முகம் இல்லாமல் நிற்கும். சொன்னால் உன் அப்பாவின் முகம் நான் காணாத ஊர்களுக்கெல்லாம் போகும். இரண்டையும் நினைக்க எனக்குத் தலை சுற்றியது. அதுதான் "ஒண்டையும் போடாத" என்று சொல்லிப்போட்டு வைத்தேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

முதலில் நான் என்ன விளங்கிக்கொண்டேன் என்று சொல்கிறேன். பிழை என்றால் சிரிக்காதே. போன கிழமை நீ மூன்று படம் அனுப்பினாய். நான் சோற்றுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுத்தான் போனில் உன் கோலை எடுத்தேன்.

"அம்மா, மூண்டு படம் அனுப்பிரிக்கன். எது நல்லமெண்டு சொல்லுங்க."

"எதுக்கு மனே?"

"கேமுக்கு. கடையில வைக்கிற படம்."

"எந்தக் கடையில?"

"கொம்பியூட்டருக்குள்ள இரிக்கிற கடை அம்மா. ஆயிரக்கணக்கில கேம் வரிசையா நிக்கும். ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்னப் படம், பெருவிரல் நகத்தளவுதான். ஆக்கள் விரலால தள்ளித் தள்ளிப் போவாங்க. எங்கட படத்துக்குக் கிட்ட வரக்குள்ள கண்ண மூடித் திறக்கிற நேரம் நிக்கணும். நிண்டாத்தான் உள்ளுக்கு வருவாங்க."

நான் ஓம் ஓம் என்றேன். எனக்கு விளங்கியது ஓட்டமாவடிச் சந்தையில் உடுப்புக் கடைக்காரர்கள் வாசலில் கம்பி கட்டிச் சட்டைகளைத் தொங்கப் போடுவது மட்டும்தான். அங்கே போகும் சனம் நடந்து போகும், நிற்கும், துணியைப் பிடித்துப் பார்க்கும், விலை கேட்கும், இல்லை என்று நடந்தால் கடைக்காரர் பின்னால் கூப்பிடுவார். உன் கடையில் கூப்பிட ஆள் இல்லையாம். அந்த நகத்தளவு படம்தான் கூப்பிட வேண்டுமாம். வாய் இல்லாத படம் எப்படிக் கூப்பிடும் என்று அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவி, அன்றைக்குச் சோறு ருசி இல்லாமல் போனது.

முதல் படத்தில் நீ எல்லாவற்றையும் வைத்திருந்தாய். களப்புத் தண்ணீர், அக்கரையில் கண்டல் மரங்கள், பாலம், இரண்டு கொக்கு, தோணி, தோணிக்குள் லாம்பு, அப்பா. தோணியின் ஓரத்தில் நாங்கள் ஒட்டுப் போட்ட தகரத்தைக்கூட நீ விடவில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நான் அரைநாள் பார்த்தேன். அதுதான் நல்லம் என்று உனக்குச் சொல்ல இருந்தேன். நீதான் அதை நகத்தளவாக்கித் திரும்ப அனுப்பினாய். பக்கத்து வீட்டு மலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரொட்டி கருகிப் போயித்தா?" என்று கேட்டாள். எனக்கு அவளுடன் கோபம் வந்தது. எனக்குக் கொக்கு தெரிந்தது, பாலம் தெரிந்தது, தகரமும் தெரிந்தது. அவளுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? பிறகுதான் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. நான் அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தேனா, அல்லது அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு முதலே தெரிந்ததால் பார்த்தேனா என்று. இன்னும் அதற்கு எனக்குப் பதில் தெரியாது.

இரண்டாவது படம் மேலே இருந்து பார்ப்பது மாதிரி, தோணியும் தண்ணீரும் மட்டும். மலர் அதையும் பார்த்தாள். "தண்ணிக்குள்ள செருப்பொண்டு கிடக்கு" என்றாள். உனக்கு அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். அடுத்த நாளே அதை எடுத்துப் போட்டுவிட்டாய். ஒரு ஆள் செருப்பு என்று சொன்னதற்காகப் பாடுபட்டு வரைந்ததை எறிகிறாயே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "ஒராளுக்குச் செருப்பெண்டா ஆயிரம் பேருக்கும் செருப்புத்தான் அம்மா" என்றாய். உன் தொழில் அப்படியென்றால் அது பொல்லாத தொழில்.

மூன்றாவதுதான் முகம். அதைப் பற்றி எழுத வருமுன் பெனரைப் பற்றி எழுத வேண்டும். அது உனக்குப் பிடிக்காத கதை, எனக்குத் தெரியும். பொறுத்துக்கொண்டு படி.

அப்பாவுக்கு நல்ல படம் ஒன்றும் இருக்கவில்லை. கல்யாணப் படங்களைக் கடல் ஊருக்குள் வந்த வருசம் கடலே கொண்டு போனது. அதற்குப் பிறகு படம் எடுக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நீ போனில் எடுத்ததிலெல்லாம் அவர் வலைக்குள் குனிந்திருப்பார், அல்லது கையால் முகத்தை மறைப்பார். அன்றைக்குக் காலையில் இறால் கொடுத்துவிட்டு வந்து, கிழிந்த வலையைப் பொத்த இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஓட்டோ வரமுதல் முடிந்துவிட்டது. செத்த வீட்டுக்குப் பெனர் அடிக்க வேண்டுமே. சித்தப்பா அப்பாவின் அடையாள அட்டையைத்தான் கொண்டுபோனார். ஓட்டமாவடியில் பெனர் அடிக்கிற கடைக்கார நானா அட்டையில் இருந்த முத்திரையளவு முகத்தைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே ஒரு கறுத்தக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக் கொடுத்தார். பின்னால் கறுப்பு. முகத்துக்குக் கீழே எரிகிற விளக்கு. அதற்குக் கீழே வெள்ளையில் பெரிதாகப் பேர். சந்தியில் இரண்டு கமுகு நட்டு அதைக் கட்டினார்கள். நீ கொழும்பு பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, பெனருக்கு முன்னாலேயே நின்று ஓட்டோ கேட்டாயாம். ஓட்டோக்காரப் பொடியன்தான் "இது உங்கட அப்பா இல்லயா அண்ண" என்று காட்டினானாம். பேரை வாசித்த பிறகுதான் நீ உன் தகப்பனை அறிந்தாய். வீட்டுக்கு வந்து பிணத்தைப் பார்க்க முன்னமே சித்தப்பாவிடம் போய், "ஆருட கோட் அது? ஆரக் கேட்டுப் போட்டீங்க?" என்று கத்தினாய். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் போன பிறகு சித்தப்பா, பானை கழுவிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அண்ணன் சாகுமட்டும் வெறும் மேலோடதானே திரிஞ்சவர் மச்சாள். ஊருக்கு முன்னால ஒருநாளாவது நல்ல உடுப்போட நிக்கட்டும் எண்டுதான் செய்தன்" என்றார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லப்படவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அடுத்தமுறை வரும்போது அவர் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. கோட்டைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை. தேத்தண்ணி போதும்.

நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் அதே முகம். அதே அடையாள அட்டை முகம்தான். உனக்கும் வேறு படம் இல்லையே. கோட்டைக் கழற்றிவிட்டாய், தலையில் துவாயைக் கட்டிவிட்டாய், கண்ணுக்கு உயிர் கொடுத்திருக்கிறாய். அது அவர்தான். ஆனால் பின்னால் இருட்டு. முகத்துக்குக் கீழே லாம்பு, அந்த வெளிச்சம் நாடியில் பட்டு மேலே ஏறுகிறது. அதற்கும் கீழே விளையாட்டின் பேர், 'தோணிக்காரன்' என்று வெள்ளை எழுத்தில், பெரிதாக. உனக்கு அது ஏன் நினைவு வரவில்லை என்று எனக்குத் தெரியாது. எனக்கும் அப்போது வரவில்லை என்பதுதான் உண்மை. முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மற்றது ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இந்தப் படத்தை மலருக்குக் காட்ட மனம் வரவில்லை, அவள் எதையாவது சொல்லிவிடுவாள் என்று. அவருடைய சொந்த ரத்தம் பார்த்துச் சொல்லட்டும் என்று கதிரவெளியில் இருக்கிற அவருடைய அக்கா, உன் மாமிக்கு அனுப்பினேன். போனில் எழுத எனக்கு வராது. அதனால் ஒன்றும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினேன். அதுதான் நான் விட்ட பிழை.

மாமி அதைத் தன் மக்களுக்கு அனுப்பியிருக்கிறாள். மக்கள் சொந்தக்காரருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்க, படலையடியில் ஒப்பாரிச் சத்தம். பார்த்தால் மாமி. கையில் ஒரு பூசணிக்காய். பின்னால் அவளுடைய மூத்தவன் அரிசிப் பையோடு. அவனுக்குப் பின்னால் மருமகள் வாழைக்குலையோடு. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"என்ட தம்பி, என்ட தம்பி" என்று வந்தவள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். எதற்கு என்று தெரியாமலே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஆண்டுத் திவசத்துக்கு இப்படியாகா நோட்டீஸ் அடிக்கிற? திகதி இல்ல. நேரம் இல்ல. மக்கள் மருமக்கள் எண்டு ஒராள்ர பேரும் போடல்ல. கூடப் பொறந்தவ நான் ஒருத்தி உயிரோட இரிக்கன், என்ட பேரும் இல்ல."

"மச்சாள், திவசத்துக்கு இன்னும் மாசக்கணக்கில கிடக்கு. இது நோட்டீஸ் இல்ல."

"அப்ப என்ன இது?"

"விளையாட்டு."

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எது விளையாட்டு? செத்தவன்ட முகமா விளையாட்டு?"

சத்தம் கேட்டு மலர் ஓடிவந்து, பூசணிக்காயையும் வாழைக்குலையையும் பார்த்துவிட்டு, "என்னக்கா, அத்தானுக்கு ரெண்டாந்தரமும் பெனர் அடிச்சாச்சா?" என்று கேட்டாள். மாமியின் மூத்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாய் திரும்பிப் பார்க்க அரிசிப் பைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். நான் அவர்களை இருத்தி, நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். கொம்பியூட்டருக்குள் கடை, நகத்தளவு படம், தள்ளித் தள்ளிப் போகிற ஆட்கள்.

"ஆரு வாங்குற?"

"வெளிநாட்டு ஆக்களாம்."

"வாங்கி என்ன செய்ற?"

"தோணி தள்ளுறதாம்."

"தோணி தள்ளுறதுக்குக் காசு குடுப்பாங்களா? இவனும்தான் ஒவ்வொரு நாளும் தள்ளுறான், இவனுக்கு ஆரு குடுக்கிற?" என்று மகனைக் காட்டினாள். நான் எழும்பிப் போய்ப் பூசணிக்காயை வெட்டிக் கறி வைத்தேன். இருந்து சாப்பிட்டார்கள். போகும்போது மாமி படத்தை இன்னொரு தரம் போனில் பார்த்தாள். "வடிவாத்தான் கீறிரிக்கான். ஆனா பாத்ததும் ஆரு செத்தது எண்டுதான்கா கேக்க வருது" என்றாள்.

அதைத்தான் நேற்று உனக்குச் சொன்னேன். நீ முதலில் சிரித்தாய். பூசணிக்காய்க்குச் சிரித்தாயா, எனக்குச் சிரித்தாயா என்று தெரியவில்லை, எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிறகு நீ சொன்னாய், "அம்மா, வாங்குற ஆக்களுக்கு நம்மட பெனர் தெரியாது. அவங்களுக்கு அது ஒரு மனிசன்ட முகம். முகம் இரிந்தா ஆக்கள் நிப்பாங்க. இருட்டுக்கு நடுவுல வெளிச்சம், ஒரே ஒரு ஆள், பெரிய எழுத்து. இதுதான் இந்தத் தொழில்ல சொல்லுற."

"அப்ப என்னத்துக்கு மனே என்னட்டக் கேக்கிறாய்?"

"அது அப்பாட முகம். நீங்க ஓம் எண்டாத்தான் போடுவன்."

அதற்குத்தான் நான் "ஒண்டையும் போடாத" என்று சொல்லிப்போட்டு வைத்தேன்.

வைத்துவிட்டு யோசித்தேன். நீ சொல்வதிலும் பிழை இல்லை. ஆளை நிறுத்துவதற்கு உன் தொழிலில் செய்கிறதைத்தான் பெனர் அடிக்கிற நானாவும் செய்கிறார். ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்க்கிறவனுக்கும் ஒரு முகம், ஒரு விளக்கு, ஒரு பேர் தெரிய வேண்டும். இரண்டு இடத்திலும் ஆட்கள் நிற்கத்தான் செய்வார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் நின்று கேட்பது ஒரே கேள்விதான், ஆரு செத்தது என்று. வெளிநாட்டுக்காரன் அதைக் கேட்க மாட்டான் என்றால் எனக்கு என்ன நட்டம்? இல்லை, அவன் கேட்காவிட்டாலும் நான் கேட்பேனே. அந்தக் கடையில் அந்தப் படம் இருக்கிற நாளெல்லாம் எங்கேயோ ஒரு சந்தியில் அவருடைய பெனர் கழற்றப்படாமல் நிற்கிறது மாதிரித்தானே எனக்கு இருக்கும். ஊரில் முப்பத்தோராம் நாளோடு கழற்றிவிடுவார்கள். உன் கடையில் யார் கழற்றுவது? இப்படி ஒரு பக்கம். மறுபக்கம், அவர் முகத்தை யாரும் மறந்துவிடக்கூடாது என்றுதானே நானும் இருக்கிறேன். பிறகு ஏன் வேண்டாம் என்கிறேன்? எனக்கே என்னை விளங்கவில்லை.

இன்று பகல் சமையலை முடித்துவிட்டு உன் விளையாட்டைத் திறந்தேன். போனமுறை வந்தபோது நீ என் போனில் போட்டுத் தந்தாய், நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்க்காமலே இருந்தேன். பயம்தான். எங்கே தொட வேண்டும் என்றும் தெரியவில்லை, கண்ட இடமெல்லாம் தொட்டேன். அவர் எழும்பி நடந்தார். தோணியைத் தள்ளினார். கம்பை ஊன்றினார். எனக்குத் திருப்பத் தெரியவில்லை, தோணி நேரே கண்டலுக்குள் போய் முட்டி, அவர் தண்ணீருக்குள் விழுந்துவிட்டார். நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழும்பிவிட்டேன். என் கையாலேயே விழுத்திவிட்டேனே. கொஞ்சம் பொறுத்து எட்டிப் பார்த்தால், அவர் கரையில் நிற்கிறார். உடம்பெல்லாம் நனைந்து, துவாயைப் பிழிந்துகொண்டு. திரும்பப் போனார், திரும்ப நான் முட்டினேன், திரும்ப விழுந்தார். திரும்ப வந்து நின்று துவாயைப் பிழிந்தார். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. பிறகு பிறகு நான் தெரியாமல் முட்டினேனா, தெரிந்தே முட்டினேனா என்று என்னைக் கேட்காதே. அவர் வந்து நிற்கிறதைப் பார்க்கத்தான் இருந்தேன். உண்மையாக ஒருவர் அப்படி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் துவாயைப் பிழிகிறதை மட்டும் நீ அப்படியே வைத்திருக்கிறாய்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். விளையாட்டுக்குள் அவருடைய முகமே இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. பார்க்கிறவன் அவருக்குப் பின்னால்தான் இருக்கிறான். துவாய் கட்டிய தலை, முதுகு, கம்பு, இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து. மகனே, அந்தத் தோளைப் பற்றி நான் உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. அது ஏன் அப்படித் தாழ்ந்தது என்று நானும் அவரைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நீ எப்போது அதைப் பார்த்து வைத்தாய்?

கல்யாணம் முடித்த நாளில் இருந்து நான் கூடுதலாகப் பார்த்தது அவருடைய முதுகைத்தான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனதெல்லாம் அவருடைய சைக்கிளில், பின்கரியரில் இருந்துதான். பாலத்தில் ஏறும்போது அவர் எழும்பி நின்று மிதிப்பார், எனக்கு முன்னால் சட்டை காற்றில் அடிக்கும். முகம் பார்த்துக் கதைத்தது குறைவு. பின்னால் இருந்து நான் கதைப்பேன், அவர் முன்னால் பார்த்துக்கொண்டு ம் போடுவார். விடிய இறங்குதுறையில் நிற்கும்போதும் அப்படித்தான். தூரத்தில் தோணிகள் வரும், ஒருத்தருடைய முகமும் தெரியாது. ஆனால் எங்கள் ஒவ்வொருத்திக்கும் அவரவர் ஆள் தெரியும். ஒருவர் குந்தியிருந்து வருவார், ஒருவர் தலையை ஆட்டி ஆட்டி வருவார். மலர் கல்யாணம் முடித்த புதிதில் பிழையான தோணிக்கு ஓடிப்போய் வேறு ஒருவருடைய இறால் பறிக் கூடையைப் பிடித்து இழுத்ததை இன்றும் சொல்லிச் சிரிப்போம். நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. இடது தோள் தாழ்ந்து வந்தால் அது என் வீட்டுக்கு வருகிற தோணி.

இதெல்லாம் உன் தொழிலுக்கு உதவுமோ தெரியாது. நீ முகம் இருந்தால்தான் நிற்பார்கள் என்கிறாய். இருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து ஒருவன் காசு கொடுத்து உள்ளே வந்தால் அந்த முகத்தைத் தேடுவானே. நீ எங்கே கொண்டுபோய்க் காட்டுவாய்? உள்ளே இல்லாததை வாசலில் வைத்தால் அது சித்தப்பா போட்ட கோட்டுத்தான். அவரும் ஆசையில்தான் போட்டார், நீயும் ஆசையில்தான் போடுகிறாய். அவரோடு நீ கோபித்தது சரி என்றால் உன்னோடு நான் கோபித்ததும் சரி. இல்லாவிட்டால் இரண்டும் பிழை. எது என்று எனக்குத் தெரியாது. கோபத்தை விட்டுவிடுவோம்.

எனக்குச் சரி என்று படுகிறதை எழுதுகிறேன். முகம் வேண்டாம். அந்த முகப் படத்தை எனக்கு விடு, நான் அதைப் பெரிதாக அடித்து வீட்டுக்குள் மாட்டுகிறேன், இப்போது மாட்டியிருக்கிற கோட் போட்டதை எடுத்துவிட்டு. கடைக்கு அவருடைய முதுகைக் கொடு. கொக்கு, பாலம், தகரம் எல்லாவற்றையும் விடு. அவற்றை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் விடு. உள்ளே வந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். துவாயும் தோளும் கம்பும் போதும். ஆனால் முதுகு என்றால் போகிற ஆள் மாதிரி இருக்குமே என்று எழுதும்போதே எனக்குப் படுகிறது. போகிறதை இன்னொரு தரம் பார்க்க என்னால் ஏலாது. அதனால் லாம்பை எடுத்துவிடு. முகத்துக்குக் கீழேயும் வைக்காதே, தோணிக்குள்ளும் வைக்காதே. அவருக்கு முன்னால், தூரத்தில், கரையில் ஒரு வெளிச்சம் வை. எங்கள் குசினியில் நான் விடிய முன்னம் சமைக்கப் போடுகிற லைட் மாதிரி, மஞ்சளாக. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கம்பு ஊன்றட்டும். பேரை எங்கே எழுதுவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது என்பதெல்லாம் உன் பாடு.

இதைப் பார்த்து அந்த ஆயிரக்கணக்கில் ஒருவனாவது நிற்பானா என்று எனக்குத் தெரியாது. நிற்காவிட்டால் தாய் சொன்னதைக் கேட்டுக் கெட்டுப்போனேன் என்று சொல்லாதே. நீதான் கேட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு. ரோட்டில் நடந்துகொண்டு எனக்குக் கோல் எடுக்காதே, வாகனச் சத்தத்தில் உன் குரல் கேட்காமல் நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிடுகிறேன்.

படத்தைக் கீறி முடித்தால் முதலில் நகத்தளவாக்கி எனக்கு அனுப்பு. பெரிதாக அனுப்பாதே, எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் அதை உன் மாமிக்கு அனுப்புகிறேன். போனமுறை மாதிரி ஒன்றும் எழுதாமல்தான். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாளென்றால் கறி வைத்துக் கொடுத்துவிட்டு வேறு படம் யோசிப்போம். இந்தமுறை அதைப் பார்த்ததும் அவள் "ஆரு செத்தது" என்று கேட்கிறாளா, "ஆருகா வாறது" என்று கேட்கிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா